சென்னையா, கோவையா, ஓசூரா? எந்த ஊரில் வீடு கட்டுப்படியாகும்: கேள்வி பதில்

வங்கியில் வீட்டுக்கடன் மனுக்களைப் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். ஊருக்கு ஊர் வீட்டு விலையை எப்படி ஒப்பிடுவது என்று கேட்பவர்களுக்கு முடிந்தவரை விரிவாகப் பதில் சொல்கிறேன். வருமான வரியும் வாரிசுச் சிக்கலும் என் துறை இல்லை. எல்லாருக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பத்திரச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வீடு பார்க்கக் கிளம்புங்கள்.

மேடவாக்கத்திலிருந்து: நானும் மனைவியும் கையில் வாங்குவது மாதம் 1,40,000 ரூபாய். இங்கே கட்டி முடித்த புது அடுக்குமாடி வீடு 84 லட்சம், 1,200 சதுர அடி. கோவை சரவணம்பட்டியில் ஒரு பழைய தனி வீடு 70 லட்சத்துக்கு வருகிறது. அங்கே வேலை மாறினால் இருவருக்கும் சேர்த்து 95,000தான் கிடைக்கும். சொந்த ஊர்ப் பக்கமே போய்விடலாமா சார்?

சம்பளத்தையும் எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம். முக்கால்வாசிப் பேர் வீட்டு விலையை மட்டும் எழுதிவிட்டு எது மலிவு என்று கேட்கிறார்கள்.

வீடு உங்களுடைய எத்தனை வருடச் சம்பளம் என்று முதலில் பாருங்கள். சென்னையில் வருடத்துக்கு 16.8 லட்சம் வருகிறது, வீடு 84 லட்சம், ஆக 5 வருடச் சம்பளம். கோவையில் 11.4 லட்சம், வீடு 70 லட்சம். அது 6 வருடத்தையும் தாண்டுகிறது. 14 லட்சம் குறைவாகத் தெரிகிற வீடு உங்களுக்கு அதிக விலை.

அடுத்தது தவணை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம், ரிசர்வ் வங்கி விதி. 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடனென்றால் லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய். சென்னையில் 67.2 லட்சம் கடனுக்குத் தவணை சுமார் 58,300, உங்கள் சம்பளத்தில் 42 சதவீதம். கோவையில் 56 லட்சத்துக்கு 48,600, அங்குள்ள சம்பளத்தில் 51 சதவீதம். பாதிச் சம்பளத்துக்கு மேல் தவணைக்கே போகிற மனு என் மேசைக்கு வந்தால் யோசிக்காமல் கடனைக் குறைத்துவிடுவேன்.

இப்போது பத்திரச் செலவு. 2023 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, மதிப்பு 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை என்றால், முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். தனி வீடு, மனை, மறுவிற்பனை எல்லாவற்றுக்கும் 7 கூட்டல் 2, மொத்தம் 9. சென்னை வீட்டுக்கு 5.88 லட்சம், கோவை வீட்டுக்கு 6.3 லட்சம். விலை குறைந்த வீட்டுக்குத்தான் பத்திரச் செலவு அதிகம்! பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்கிற இடம் இது.

சென்னை வீட்டிலும் ஒன்றைப் பாருங்கள். அந்த 1,200 சதுர அடியில் படிக்கட்டு, லிப்ட், வராந்தா எல்லாம் சேர்ந்திருக்கும். கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் இடம், எவ்வளவு என்று ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். 840 இருந்தால், நீங்கள் புழங்கப்போகும் இடத்துக்குச் சதுர அடி 7,000 இல்லை, 10,000. யூடிஎஸ், அதாவது நிலத்தில் உங்கள் பங்கு, எவ்வளவு என்றும் கேளுங்கள்.

மதுரையிலிருந்து: சென்னையில் ஒரு கிரவுண்ட் 1 கோடியே 20 லட்சம் சொல்கிறார்கள். இங்கே சென்ட் 20 லட்சம். எது மலிவு?

கிரவுண்ட் 2,400 சதுர அடி, சென்ட் 435.6. சென்னை மனை சதுர அடி 5,000, மதுரை மனை சுமார் 4,590. நீங்கள் நினைத்த அளவுக்கு வித்தியாசமே இல்லை.

திருச்சியிலிருந்து: ரெசிடெக்ஸ் குறியீட்டில் ஒரு ஊர் 160, இன்னொரு ஊர் 130 என்றால் முதல் ஊரில் வீட்டு விலை அதிகம்தானே?

இல்லை. தேசிய வீட்டுவசதி வங்கி வெளியிடும் அந்தக் குறியீடு ஒவ்வொரு ஊருக்கும் அடிப்படை ஆண்டு விலையை 100 என்று வைத்துக்கொள்கிறது. முதல் ஊரில் விலை 60 சதவீதம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊரில் சதுர அடி 3,000 ஆகவும், 130 காட்டுகிற ஊரில் 9,000 ஆகவும் இருக்கலாம். ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீட்டையும் இப்படியே படியுங்கள். ஒரு ஊரின் வேகத்தை அறிய இவை நல்லவை. உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதை உங்கள் சம்பளத்தோடு சேர்த்துத்தான் பார்க்க முடியும்.

கோவை, பீளமேட்டிலிருந்து: மேடவாக்கத்துக்காரருக்கு நீங்கள் சொன்னதை ஏற்க முடியாதுங்க. சென்னையில் வண்டிச் செலவு, லாரித் தண்ணீர், பள்ளிக் கட்டணம் எல்லாம் எங்கே போயிற்று? வெள்ளம் வந்தால்? சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கோவை எப்போதும் தோற்கும்.

செலவையும் சேர்க்கச் சொல்கிறீர்கள், சரிதான். சேர்ப்போம். தவணை போகச் சென்னையில் அவர் கையில் 81,700 மிஞ்சும். கோவையில் 46,400. வித்தியாசம் 35,300. கோவைக்குப் போவதால் அவருடைய மாதச் செலவு அந்த அளவு குறையுமா? ஒரு குழந்தை, ஒரு ஸ்கூட்டர் உள்ள வீட்டில் நான் அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு குழந்தை, இரண்டு கார் என்றால் ஓரளவு கிட்டே வரலாம்.

வெள்ளத்தைப் பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். மேடவாக்கத்துக்காரரே, 2015இலும் 2023 டிசம்பரிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து மளிகைக் கடையில் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.

அதே பீளமேட்டுக்காரர்: வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஐடிக்காரருக்கு?

அவருக்கு நீங்கள் சொல்வதே சரி. அதே 1,40,000 சம்பளத்தோடு கோவைக்கு வந்தால் 70 லட்சம் வீடு வெறும் 4.2 வருடச் சம்பளம். ஓய்வூதியம் வாங்குபவருக்கும் இதே கணக்குத்தான். எந்த ஊருக்குப் போனாலும் வருமானம் மாறாதவருக்கு விலை குறைந்த ஊர் உண்மையாகவே மலிவு.

சோழிங்கநல்லூரிலிருந்து: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இப்படி நம்பித்தான் என் தம்பி ஊரில் வாங்கினான். அப்புறம் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இப்போது தவணையும் கட்டுகிறான், இங்கே வாடகையும் கட்டுகிறான்.

இதைத்தான் பீளமேட்டுக்காரர் யோசிக்க வேண்டும். கடன் 20 வருடம், இப்போதுள்ள வேலை அவ்வளவு காலம் நிற்கும் என்று எந்த நிறுவனமும் எழுதித் தராது. அந்த ஊரிலேயே அடுத்த வேலை தேடினால் என்ன சம்பளம் கிடைக்குமோ, அதை வைத்துத் தவணையைப் போட்டுப் பாருங்கள். தாங்கினால் வாங்குங்கள்.

மறுபடி பீளமேடு: அப்படியென்றால் எல்லாரும் சென்னையிலேயே கிடக்க வேண்டுமா? பெற்றோர் பக்கத்தில் இருப்பதற்கு விலை இல்லையா?

இருக்கிறது, மிகப் பெரிய விலை. அதற்காக மாதம் 35,000 விட்டுக்கொடுப்பதாக அவர்கள் தெரிந்தே முடிவு செய்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ‘கோவை மலிவு’ என்று நம்பிப் போய், மூன்றாம் வருடம் நகையை அடகு வைக்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து: வேலை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில். ஓசூரில் மனை வாங்கிக் கட்டவா, அங்கேயே அடுக்குமாடி வாங்கவா?

உங்களுக்குச் சம்பளம் மாறாது, அதனால் விலைக் கணக்கு ஓசூர் பக்கம் சாயும். கர்நாடகத்தில் பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் கடைசியில் 1லிருந்து 2 சதவீதமாகிவிட்டது. 45 லட்சத்துக்கு மேல் முத்திரைத் தீர்வை 5, அதன் மேல் செஸ் வேறு. ஓசூர் மனைக்கு 9, ஆனால் அது மனைக்கு மட்டும்தான், நீங்கள் பின்னால் கட்டும் கட்டடத்துக்கு இல்லை. அத்திப்பள்ளி சுங்கம், பெட்ரோல், தினமும் போய்வரும் நேரம் இவற்றைத் தவணையோடு கூட்டிப் பாருங்கள். பெங்களூரு பக்கம் பி கட்டா, அதாவது முறையான அனுமதி முழுதாக இல்லாத சொத்தைக் காட்டினால் விலை குறைவென்று மயங்காதீர்கள். பல வங்கிகள் அதற்குக் கடன் தருவதில்லை.

சேலத்திலிருந்து: மனைவி பெயரில் வாங்கினால் கட்டணம் குறையுமாமே?

2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், சொத்து மதிப்பு 10 லட்சம் வரை மட்டும்.

துபாயிலிருந்து: இங்கிருந்து பணம் அனுப்பி வாங்கினால் வரி?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

வேலூரிலிருந்து: சென்னையா வேலூரா, எது மலிவு?

சம்பளம் எழுதவில்லை, வீட்டு விலை எழுதவில்லை. மேடவாக்கத்துக்காரருக்குச் சொன்ன பதிலில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: எங்கே வாங்கினால் லாபம்? சென்னையா, தஞ்சாவூரா?

குடியிருக்க வாங்குபவர்களுக்காக உட்கார்ந்திருக்கிறேன். விலை ஏறுமா என்று ஊகம் சொல்ல மாட்டேன்.

ஆவடியிலிருந்து: பத்திரச் செலவையும் சேர்த்து வங்கி கடன் தரும் என்று தரகர் சொல்கிறாரே?

தராது. அந்த 80 சதவீதத்தைப் போடும்போது முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டு விலையில் சேர்க்கவே மாட்டார்கள். 10 லட்சம் வரையுள்ள வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. 50 லட்சத்துக்குப் பழைய வீடு பார்த்தால் கைக்காசு 10 லட்சம், பத்திரத்துக்கு 4.5 லட்சம், ஆக 14.5 லட்சம் இருந்தால்தான் அட்வான்ஸ் கொடுங்கள். பணம் புரட்ட முடியாமல் கெடு தாண்டினால் அந்த அட்வான்ஸும் போய்விடும்.