புகைப்படக்காரர் பெயருக்குப் பின்னால் வரும் ஏஎஃப்ஐஏபி என்றால் என்ன?

பெங்களூரில் போர்ட்ரெய்ட் எடுப்பவர்கள் சிலருடைய விசிட்டிங் கார்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஃபியாப் (எஃப்ஐஏபி, FIAP) என்பது 1950இல் ஐரோப்பாவில் தொடங்கிய உலகப் புகைப்படக் கூட்டமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில், பல நாடுகளில், உங்கள் படங்கள் போதுமான அளவு தேர்வானால் கிடைக்கும் முதல் பட்டம்தான் ஏஎஃப்ஐஏபி, அதாவது ஆர்ட்டிஸ்ட் ஃபியாப். அப்புறம் இஎஃப்ஐஏபி (எக்ஸலன்ஸ் ஃபியாப்), இன்னும் மேலே மாஸ்டர். பெங்களூரில் வாழ்ந்த காட்டுயிர்ப் படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள் அந்த மாஸ்டர் வரை போனவர்.

சரி, எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? அல்சூரில் பொங்கலுக்குக் கோலப் போட்டி வைத்தால் நடுவர் கோலத்தைத்தான் பார்ப்பார், போட்டது யார் என்று கேட்க மாட்டார் இல்லையா, இதுவும் அப்படித்தான். நாம் எடுத்த பாட்டியின் படத்தை வீட்டில் எல்லோரும் புகழ்வார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் பாட்டியைத் தெரியும். ஆனால் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் நடுவருக்கு அந்த முகம் அந்நியம், அதனால் கண்ணில் விழும் வெளிச்சமும் முகபாவமும் மட்டுமே அவரிடம் பேசியாக வேண்டும். போர்ட்ரெய்ட்காரரை உண்மையில் வளர்ப்பது இந்தச் சோதனைதான், படம் நிராகரிக்கப்பட்டாலும்கூட.

பலர் நினைப்பதுபோல் இது கல்லூரியில் படித்து வாங்கும் டிகிரி அல்ல, இது இல்லாமலும் தாராளமாக ஸ்டுடியோ வைத்துத் தொழில் செய்யலாம்.