வட்டிக்கு அரசு உச்சவரம்பு விதித்தால் சிறு கடன் வாங்குவோருக்கு நன்மையா?

ஏற்கெனவே கடன் கிடைத்துக்கொண்டிருப்பவருக்கு நன்மைதான். கேட்டவர் அநேகமாக அதிக வட்டி கட்டிக்கொண்டிருப்பவராக இருக்க வேண்டும். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், வரம்பு வந்த பிறகு அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நூறு கேட்பவருக்கும் ஆயிரம் கேட்பவருக்கும் எங்களுக்கு வேலை ஒன்றே: சான்றுகளைச் சரிபார்க்க வேண்டும், வருமானத்தை விசாரிக்க வேண்டும், தவணை தவறினால் ஆள் அனுப்ப வேண்டும். அதற்கான செலவு 12 என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்தில் அது 1.2 விழுக்காடு, நூறிலோ 12 விழுக்காடு. வரம்பு வந்ததும் ஏழைகளுக்குக் கொடுக்காதே என்று யாரும் உத்தரவிடவில்லை. குறைந்தபட்சக் கடன் தொகையை மட்டும் உயர்த்தினார்கள். முந்தைய இரண்டு கடன்களையும் ஒரு தவணைகூடத் தவறாமல் அடைத்த தையல்காரப் பெண் ஒருவர், இயந்திரத்தின் மோட்டாரை மாற்றுவதற்காக மூன்றாவது கடன் கேட்டிருந்தார். நான் பரிந்துரை எழுதியும் 'தொகை போதாது' என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்தது. அதே வாரத்தில் நிலையான சம்பளக்காரர்களுக்கு வட்டி குறைந்தது. குறைந்ததில் ஒரு பகுதியைப் பரிசீலனைக் கட்டணம், கட்டாயக் காப்பீடு என்று வேறு பெயர்களில் வசூலித்ததையும் மறைப்பதற்கில்லை.

வட்டிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று சிலர் எழுதக்கூடும். வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 2015 ஜனவரியில் குறுகியகாலக் கடன்களுக்கு நாளொன்றுக்கு 0.8 விழுக்காடு என்றும், வட்டியும் கட்டணமும் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தார்கள். கடன் மறுக்கப்பட்டவர்கள் பெருமளவில் சட்டவிரோத வட்டிக்காரர்களிடம் போனதற்குச் சான்று இல்லை என்று அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையமே பிறகு ஆராய்ந்து சொன்னது. கென்யாவிலோ 2016இல் மத்திய வங்கி அறிவிக்கும் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் 4 விழுக்காட்டுப் புள்ளிகள் என்று எல்லா வங்கிக் கடனுக்கும் ஒரே கோடு போட்டார்கள். வங்கிகள் சிறு தொழில்களை விட்டு அரசுப் பத்திரங்களின் பக்கம் சாய்ந்தன. வங்கிச் சட்டத்துக்கு வெளியே இருந்த கைப்பேசிக் கடன் செயலிகள் பெருகின. 2019 நவம்பரில் அந்த வரம்பை நீக்கினார்கள்.

ஆகவே, வரம்பு உண்டா இல்லையா என்பதைவிட, சிறு கடனுக்குத் தனி விகிதம் உண்டா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். தென்னாப்பிரிக்காவின் கடன் சட்டம் வீட்டுக் கடனுக்கும் குறுகியகாலக் கடனுக்கும் வெவ்வேறு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கடன் கொடுக்கும்போது வாங்கும் தொடக்கக் கட்டணத்துக்கும் அங்கே தனி வரம்பு உண்டு.