நாலாவது கண்ணாடி வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. இரண்டு வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றிவிட்டேன். அப்படியும் இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்குக்கு வால் முளைத்தது போல இருக்கிறது. வலது கண்ணில் எழுத்துக்குக் கீழே இன்னொரு எழுத்து நிழலாடுகிறது. எனக்கும் தம்பிக்கும் கண் அரிப்பு வேறு. நாலாவது கண்ணாடி வாங்கட்டுமா ஐயா?
– வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: வேண்டாம் அம்மா. கண்ணாடிக்கு எழுதித் தந்த பழைய மூன்று சீட்டுகளையும் தேதிப்படி மேசையில் வையுங்கள். வலது கண்ணுக்கு எழுதிய சிலிண்டர் பவர், அதாவது படலத்தின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்யும் எண், சீட்டுக்குச் சீட்டு ஏறியிருக்கிறதா? அப்படியானால் கருவிழியின் மேலிருக்கும் தெளிவான படலத்தையே சந்தேகப்பட வேண்டும். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான அந்தப் படலம் சிலருக்கு மெலிந்து, கூம்பாக முன்னால் தள்ளும். கெரட்டோகோனஸ் என்பார்கள். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும், முப்பது தாண்டியும் ஏறுவதுண்டு.

நானும் இதில் சறுக்கியவன்தான். பஸ் ஓட்டுநர் ஒருவருக்கு மூன்றாம் முறை கண்ணாடி எழுதும்போதுதான், கண்ணுக்குள் வெளிச்சம் விட்டு அது திரும்பும் விதத்தைப் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பை நிதானமாகப் பிடித்தேன். கண்பாவைக்குள் வெளிச்சம் கத்தரிக்கோல் திறந்து மூடுவது போல அசைந்தது. அன்றே கண் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தேன். ஒரு வருடம் முன்பே கொடுத்திருக்க வேண்டியது.

மோக்காவில் நம் பாரதியார் பெயரிலேயே அரசாங்கக் கண் மருத்துவமனை இருக்கிறது, அங்கே காசு கேட்க மாட்டார்கள். ஆனால் 'பார்வை மங்கல், பார்க்கவும்' என்று ஒற்றை வரிக் கடிதத்தோடு போகாதீர்கள். கண்ணாடி போட்டு ஒவ்வொரு கண்ணும் எந்த வரி வரை படிக்கிறது, மூன்று சீட்டின் எண்கள் தேதியோடு, கண் தேய்க்கும் பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்பதெல்லாம் கண்ணாடி எழுதுபவரிடம் எழுதி வாங்குங்கள். அப்போதுதான் படிக்கும் டாக்டருக்கு இது ஏறிக்கொண்டிருக்கும் நோய் என்று புரியும். படலத்தின் மேடு பள்ளத்தை டோபோகிராஃபி படம் எடுத்துப் பார்ப்பார்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுபவரானால் எத்தனை நாள் முன்பு கழற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள், லென்ஸ் அழுத்திய கண் பொய்ப் படம் காட்டும்.

ஏறுவது உறுதியானால் கிராஸ் லிங்க்கிங் செய்யலாம். ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிப் படலத்தை இறுக்குவார்கள். ஏறுவதை நிறுத்தத்தான் அது, போன பார்வையைத் தராது. பார்வைக்கு அப்புறம் கடினமான லென்ஸ் போட்டுப் பார்க்கலாம். படலம் மிகவும் மெலிந்த பிறகு போனால் இந்தச் சிகிச்சைக்கே இடமில்லாமல் போகலாம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

கரும்பு வெட்டுக் காலத்துத் தூசியில் கண் அரிக்கத்தான் செய்யும். கசக்குவது இந்தப் படலத்துக்கு ஆகாது; விரல் முட்டியால் கசக்காமல் ஈரத்துணியை மேலே வையுங்கள், அரிப்புக்குச் சொட்டு மருந்தும் கேளுங்கள். போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.