தேய்த்துக்கொண்டதும் தேய்த்துவிட்டதும்

கே: எனக்கு வயது 46. சின்ன வயது ஞாயிற்றுக்கிழமைக் காலை மறுபடியும் வேண்டும் என்று ஆசை. போன மாதம் நான்கு ஞாயிறும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சீயக்காய் போட்டுக் குளித்து, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டு, செல்போனில் பழைய ராமாயணம் தொடரும் பார்த்தேன். அந்தக் காலை மட்டும் வரவே இல்லை. எதை விட்டுவிட்டேன்?
- ஒரு வாசகர், திருப்பூர்

ப: 'தேய்த்துக்கொண்டு' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஏழு வயதில் நீங்களா தேய்த்துக்கொண்டீர்கள்? யாரோ தேய்த்துவிட்டார்கள். தலை வாரிக்கொண்டாள், தலை வாரிவிட்டாள். பித்தானைப் போட்டுக்கொண்டான், போட்டுவிட்டான். 'கொள்' வந்தால் கை தன் பக்கமே திரும்புகிறது. இந்த 'விடு' வந்தால் இன்னொருவரிடம் நீள்கிறது. ஒரு வீட்டில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதைத் தமிழில் துணைவினைதான் சொல்லும். பள்ளிக்கூடத்தில் அதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யவைக்கிறோம், இந்த அழகைக் காட்டுவதில்லை என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். சரி, இன்னொரு முறை.

எனக்குத் தேய்த்துவிட்டவர் என் சித்தி. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் பொரியும் வாசனைக்கே நான் மாட்டுத் தொழுவத்துக்குள் ஓடி ஒளிவேன். இழுத்துவந்து மணையில் உட்காரவைத்து, உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்து, "சூடு இறங்கணும்டா" என்று தட்டுவார். அந்தத் தட்டில் பாதி வைத்தியம், பாதி வாரம் முழுக்கச் செய்த சேட்டைக்கான பாக்கி. வடிகஞ்சியில் குழைத்த சீயக்காய் கண்ணில் பட்டு நான் கத்தினால் பக்கத்து வீட்டுப் பாட்டி, "இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?" என்று கேட்பாராம். எங்கள் தெருவுக்கு நான்தான் நாள்காட்டி. சாம்பிராணிப் புகையில் தலையைக் காட்டும்போது சித்தி ஊட்டிவிடும் முதல் வாய் இட்லியோடு அழுகை நிற்கும்.

இதை எழுதினால் இரண்டு வருடமாக என்னோடு மல்லுக்கு நிற்கும் வாசகர் மறுபடி கடிதம் போடுவார். "சனி நீராடு" என்று ஔவையார் ஆத்திசூடியில் சொல்லியிருக்க, ஞாயிற்றில் எண்ணெய் ஏன் என்பது அவர் கட்சி. ஐயா, அங்கே சனி என்றால் குளிர்ச்சி என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்ற பழைய கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் மில்லும் பள்ளிக்கூடமும் மூடியிருந்தது ஞாயிற்றில்தானே? அந்த ஞாயிறும் சும்மா வந்ததில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு 1890-இல் நாராயண் மேகாஜி லோகண்டே போராடி வாங்கித்தந்தது. 'வாங்கித்தந்தது.' இங்கும் துணைவினையைப் பாருங்கள்.

ராமாயணமும் அப்படித்தான். 1987 ஜனவரி 25 முதல் ஞாயிறுதோறும் காலை ஒன்பதரை மணிக்கு வந்தது. எங்கள் தெருவில் டிவி இருந்த வீடு ஒன்றுதான். திண்ணை வரை கூட்டம். இந்தி ஒருவருக்கும் புரியாது. பட்டாளத்திலிருந்து திரும்பிய மாமா ஒருவர் முன்னால் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்லிக்கொடுப்பார். அவர் இருமினால் அனுமனும் காத்திருக்க வேண்டியதுதான்! 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் அதே தொடரை மறுபடி போட்டபோது நானும் உங்களைப்போல் தனியாகத்தான் பார்த்தேன். இரண்டாம் நாளே நிறுத்திவிட்டேன்.

நீங்கள் எண்ணெயையும் குழம்பையும் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். வரும் ஞாயிறு உங்கள் தலையை விட்டுவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் துரத்திப் பிடியுங்கள். அம்மா இருந்தால் அவரை மணையில் உட்காரவையுங்கள். அவர் தலைக்கு யார் தேய்த்துவிட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ. மிளகு பொரிந்ததும் எண்ணெயை இறக்கிவிடுங்கள், கரிய விடாதீர்கள். கை பொறுக்கும் சூட்டில் உச்சியில் முதலில் வையுங்கள். அப்புறம் மத்தியானம் யாரையும் தூங்க விடாதீர்கள். சித்தி இருந்தால் அடிப்பார்.