தோணிக் காட்சிக்கு ஆழம் தேவையில்லை

கேள்வி: நண்பர்கள் 11 பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். ஐப்பசியில், மண்டூர்ப் பக்கம் வாவியில், பொழுது சாயும் நேரம் ஒரு தோணிக் காட்சி. நடிக்கும் நண்பனுக்கு நீந்தத் தெரியாது. கையில் காசும் குறைவு. பாதுகாப்புக்கு என்ன செய்யலாம்?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, நீந்தத் தெரியாத அந்த நண்பனை நினைத்துத்தான் எனக்குப் பயம். காட்சியை முழங்கால் அளவு தண்ணீரில் எடுங்கள். கெமராவைத் தாழ வைத்தால் பின்னால் வாவி விரிந்து தெரியும், ஆழம் படத்தில் தெரியாது. அடியில் மணலா சேறா என்று முதல் நாளே கம்பு ஊன்றிப் பாருங்கள். சேறென்றால் முழங்கால் தண்ணீரும் ஆபத்துதான். தோணியில் கயிறு கட்டி, கரையில் ஒருவர் பிடித்திருக்கட்டும். ஏறும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும், கெமராக்காரருக்கும்தான். நண்பன் அதன் மேல் தளர்வான சட்டை போடலாம்.

கூலி கொடுத்தாவது அங்கே வலை வீசும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். முதலை நடமாடும் இடமென்று அவர் சொன்னால், அந்தக் கரையே வேண்டாம்.

ஐப்பசியில் பின்னேர இடி சாதாரணம். முதல் முழக்கம் கேட்டதும் தோணி கரைக்கு வரவேண்டும். மரத்தடியில் ஒதுங்காமல் வாகனத்துக்குள் ஏறிக் கண்ணாடியை மூடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் இறங்கக் கூடாது. வெளிச்சம் போகிறதே என்று இயக்குநர் துடிப்பார். அதனால்தான் ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமையை அவரிடம் விடக் கூடாது. வேறு வேலை எதுவும் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் சொன்னால் இயக்குநரும் கேட்பார் என்று முன்கூட்டியே எல்லோர் முன்னிலும் பேசி வையுங்கள். நண்பர்கள் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தடுக்கக் கூச்சப்படுவார்கள், அதுதான் ஆபத்து.

இன்னொன்று. பட்டிருப்புப் பாலம் வழியாகக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கு முதல் நாளே மோட்டார் சைக்கிளில் ஓடி நேரம் பாருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான். ஆனால் வயல் பாதைக்குள் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரியாது. பிரதான வீதியில் நின்று வழிகாட்ட ஒருவரை இப்போதே குறித்து வையுங்கள்.

யானை வரும் வழியை ஊராரிடம் கேட்டு, இருட்டுமுன் சாமான்களை ஏற்றிவிடுங்கள். வரம்பில் நடக்க டோர்ச்சும் சப்பாத்தும் வேண்டும், விரியன் கிடக்கும்.

அப்புறம், அந்த நண்பனைத் தனியே கூப்பிட்டு, தோணியில் ஏற மனமிருக்கிறதா என்று கேளுங்கள். மற்றவர்கள் முன்னால் அவர் ‘ஓம்’ என்றுதான் சொல்வார். கொஞ்சம் தயங்கினாலும், அவரைக் கரையில் நிற்க வைத்துக் காட்சியை மாற்றி எழுதுங்கள்.