தசைநாண் வலிக்கு ஓய்வு மட்டும் ஏன் போதாது?

"குதிகாலுக்கு மேலே மாதக்கணக்காக வலி, ஓய்வெடுத்தால் சரியாகிறது, நடந்தால் திரும்ப வருகிறது, ஏன்?" என்பது பலருக்கும் உள்ள கேள்வி. தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான நார்ப்பட்டைதான் தசைநாண். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெதுவாகத்தான் தேறும். அதைவிட முக்கியம், அதிலுள்ள செல்கள் இழுவிசையை உணர்ந்தால்தான் புது நார்களை ஒழுங்காக உருவாக்கும். ஒற்றையடிப் பாதை மாதிரி, ஆள் நடந்தால்தான் தடம் நிற்கும், விட்டுவிட்டால் புதர் மண்டிவிடும்.

1998-இல் ஸ்வீடனில் எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சனின் குழு, நாள்பட்ட குதிகால் நாண் வலியுள்ள 15 பேருக்கு 12 வாரப் பயிற்சி கொடுத்தது: படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும், 15 முறை வீதம் 3 சுற்று, தினமும் இரண்டு வேளை. அத்தனை பேரும் மறுபடி ஓடினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் மறுவாழ்வு சிகிச்சையின் போக்கையே அது திருப்பியது என்பேன்.

அப்புறம், பயிற்சியில் வலித்தாலே நாண் கிழிகிறது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு, லேசான வலி மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம், கூடினால் மட்டும் சுமையைக் குறையுங்கள்.