வீட்டுப் பிரசவம்: 'எல்லாம் எங்கள் பொறுப்பு' என்று கையெழுத்து கேட்கிறார்கள்

வீட்டுக்கு வந்து பிரசவம் பார்ப்பதாகச் சொல்பவர், என்ன நடந்தாலும் குடும்பத்தாராகிய நீங்களே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து கேட்கிறார் என்கிறீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டாலும், அவருடைய கவனக்குறைவால் பாதிப்பு வந்தால் அவர் பொறுப்பு போய்விடாது. ஆபத்தை விளக்காமல் வாங்கும் சம்மதம் முறையான சம்மதமே இல்லை. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களுக்குச் சொன்னது அதுதான்.

வேளச்சேரி வீட்டுக்கு வருகிறவர் காட்டியது ஆன்லைன் பயிற்சிச் சான்றிதழ் என்கிறீர்கள். அவர் டூலாவாக இருக்கலாம். டூலா பக்கத்துணை மட்டும்தான், மருத்துவச்சி அல்ல. தமிழ்நாடு செவிலியர், மருத்துவச்சியர் கவுன்சில் பதிவெண்ணைக் கேட்டு, கவுன்சிலிலேயே சரிபாருங்கள்.

அப்புறம் நேராகவே கேளுங்கள்: பிள்ளை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் கையில் என்ன மருந்து இருக்கிறது? குழந்தை மூச்சுவிடாவிட்டால்? எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது? 'அதெல்லாம் வராது' என்றால் அவர் வேண்டாம்.

பதிவெண் இருந்தாலும், முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ ரத்த அழுத்தம் இருந்தாலோ வீட்டில் வைக்காதீர்கள், தயவுசெய்து.